ப்ளஸ் ஒன்னில் லத்தீன்: சென்னையில் இருந்து தொடங்குபவர்களுக்கு

ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவில் லத்தீன் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "அதுக்கு எங்க டியூஷன் இருக்கு?" நியாயமான கேள்விதான். கணக்குக்கும் இயற்பியலுக்கும் தெருவுக்கு ஒரு டியூஷன் சென்டர் உண்டு, ஃப்ரெஞ்சும் ஜெர்மனும் கற்க நுங்கம்பாக்கம் போனால் போதும், லத்தீனுக்கு அப்படிப் போர்டு மாட்டிய இடம் எளிதில் கண்ணில் படாது. ஆகவே பெரும்பாலும் நீங்களேதான் படிக்க வேண்டியிருக்கும். அப்படிப் படிப்பவர்களுக்காகத்தான் இது. ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்: லத்தீன் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், ஆனால் உங்களுக்கு உதவப்போவது பத்தாம் வகுப்பு வரை நீங்கள் திட்டிக்கொண்டே படித்த தமிழ் இலக்கணம்தான்.

முதலில் உங்கள் போர்டு என்ன என்று பாருங்கள்

மாநிலப் பாடத்திட்டத்தில் லத்தீன் கிடையாது. சிபிஎஸ்இ மொழிப் பட்டியலிலும் கிடையாது. ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியட்) டிப்ளமா இருக்கும் பள்ளியில் படிக்கிறீர்கள் என்றால் அங்கே லத்தீன் ஒரு செம்மொழிப் பாடமாக உண்டு. எஸ்எல் என்ற சாதாரண நிலைக்கு 150 மணி நேர வகுப்பு, எச்எல் என்ற மேல் நிலைக்கு 240 மணி நேரம். ஆனால் ஐபி அமைப்பு அனுமதிக்கிறது என்பதும் உங்கள் பள்ளியில் ஆசிரியர் இருக்கிறார் என்பதும் ஒன்றல்ல. சேர்வதற்கு முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் நேரில் போய், அடுத்த இரண்டு வருடத்துக்கு யார் நடத்துவார்கள் என்று கேளுங்கள். "பார்க்கலாம்" என்று பதில் வந்தால் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புக்கு இணையான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ படிக்கும் தம்பி தங்கைகளுக்கு அந்த நிலையிலும் லத்தீன் பாடம் உண்டு, மொழிக்கு ஒரு தாள், இலக்கியத்துக்கு ஒரு தாள்.

மற்றவர்களுக்கு இருக்கும் வழி ஏபி லத்தீன், அதாவது அமெரிக்காவின் அட்வான்ஸ்ட் ப்ளேஸ்மென்ட் தேர்வு. அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் இது பொருந்தும். நீங்கள் எந்தப் போர்டில் படித்தாலும் ஏபி தேர்வு நடத்தும் ஒரு பள்ளியில் வெளி மாணவராக இடம் வாங்கி எழுதலாம், ஆனால் எல்லாப் பள்ளியும் எல்லாப் பாடத்தையும் நடத்துவதில்லை, லத்தீன் தாளை வரவழைக்கச் சம்மதிக்கும் பள்ளியைத் தேடிப் பிடிக்க வேண்டும். தேர்வு மே மாதம். பெயர் கொடுக்கும் வேலை முந்தைய வருட நவம்பர் வாக்கிலேயே முடிந்துவிடும். மே மாதத் தொடக்கத்தில்தான் நீட்டும் வரும் என்பதை மறக்க வேண்டாம். நீட் எழுதுபவர் அதே வருடம் ஏபி லத்தீனும் எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், யார் என்ன சொன்னாலும் சரி.

தேர்வே வேண்டாம், ஆசைக்குப் படிக்கிறேன் என்பவர்களுக்குத்தான் இதில் சுகம் அதிகம். மதிப்பெண்ணுக்காக மட்டும் என்றால் வேறு சுலபமான பாடங்கள் நிறைய இருக்கின்றன.

உச்சரிப்பில் ஒரு முடிவு எடுங்கள்

இரண்டு உச்சரிப்பு முறைகள் உண்டு. ரோமானியர்கள் பேசியிருக்கக் கூடும் என்று அறிஞர்கள் மீட்டெடுத்த பழைய முறை ஒன்று, தேவாலய வழக்கு மற்றொன்று. சீசரின் பெயர் முதல் முறையில் கைசர், இரண்டாவதில் சேசர். உங்களுக்கு உதவ ஒரு பாதிரியார் கிடைத்தால் அவர் தேவாலய முறையில்தான் வாசிப்பார். எதுவாக இருந்தாலும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். செய்யுள் படிக்கப் போகிறவர்கள் பழைய முறைக்குப் போவது நல்லது, காரணம் பின்னால் வரும்.

இங்கே தமிழ் எழுத்து ஒரு பெரிய வசதி. லத்தீனில் ஐந்து உயிருக்கும் குறில் நெடில் உண்டு, எ ஏ, ஒ ஓ உட்பட. ஆங்கில எழுத்தில் இதைக் காட்ட நெடிலின் தலைக்கு மேல் ஒரு கோடு போட வேண்டும், தேர்வுத் தாளிலும் பெரும்பாலான பதிப்புகளிலும் அந்தக் கோடும் இருக்காது. நமக்கு அது எழுத்திலேயே வந்துவிடுகிறது. புவெல்ல என்றால் பெண், எழுவாய். புவெல்லா என்று கடைசியை நீட்டினால் பெண்ணால், பெண்ணோடு. ஒரு மாத்திரையில் வேற்றுமையே மாறிவிடும். முதல் சில வாரம் நோட்டில் தமிழ் எழுத்திலேயே எழுதிப் பழகுங்கள். அதற்குப் பிறகு நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் வல்லின எழுத்துக்களின் அழுத்த வேறுபாட்டைத் தமிழ் எழுத்தில் காட்ட முடியாது, அதைக் கவனிக்காமல் விட்டால் பின்னால் எழுத்துப்பிழை மலியும்.

வேற்றுமை: இங்கேதான் நேரம் போட வேண்டும்

ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒரு மாணவனுக்கு லத்தீனில் முதல் சுவர் இதுதான். பெயர்ச்சொல்லின் வால் மாறினால் அதன் வேலை மாறும் என்பதையே அவனுக்குப் புரியவைக்க ஒரு அத்தியாயம் ஆகும். நமக்கு ராமன், ராமனை, ராமனால், ராமனுக்கு என்று நாலாம் வகுப்பிலேயே முடிந்துபோன கதை.

நாமினேட்டிவ் என்று புத்தகம் சொல்வது எழுவாய். அக்யூசடிவ் இரண்டாம் வேற்றுமை, ஐ. டேட்டிவ் நான்காம் வேற்றுமை, கு. ஜெனிடிவ் ஆறாம் வேற்றுமை, உடைய. வொக்கேட்டிவ் விளி. மிச்சம் இருப்பது அப்லேட்டிவ். இது ஒன்றே நம்முடைய மூன்று, ஐந்து, ஏழு மூன்றையும் சுமக்கிறது: வாளால், நகரத்திலிருந்து, காட்டில் எல்லாம் இந்த ஒரே வால். முன்னால் வரும் சிறு சொல்லையும் வாக்கியத்தின் போக்கையும் பார்த்து எது என்று தீர்மானிக்க வேண்டும். அப்லேட்டிவ் வரும்போதெல்லாம் "ஆல்? இருந்து? இல்?" என்று மூன்றையும் போட்டுப் பாருங்கள், ஒன்று பொருந்திவிடும்.

ஒரு வாக்கியம்: புவெல்ல ரொஸம் மாத்ரீ தத். பெண் ரோஜாவை அம்மாவுக்குத் தருகிறாள். சொல்லுக்குச் சொல் அதே வரிசை, வினை கடைசியில். லத்தீன் உரைநடையில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அங்கே ஆங்கிலத்து 'தி', 'எ' போன்ற ஒட்டுச் சொற்களும் இல்லை. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது அதைச் சேர்க்கலாமா கூடாதா என்று குழம்புவார்கள், தமிழில் அந்தப் பிரச்சினையே எழாது.

இன்னும் ஒன்று. மிஹி ப்ளகெத் என்றால் எனக்குப் பிடிக்கிறது. மிஹி என்பது நான்காம் வேற்றுமை, எனக்கு. ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் இந்த மாதிரி வினைகளைத் தனிப் பட்டியல் போட்டு, விதிவிலக்கு என்று எச்சரித்து, மனப்பாடம் செய்யச் சொல்லும். கீழ்ப்படி என்ற வினையும் அந்தப் பட்டியலில் இருக்கும், லத்தீனில் அது டேட்டிவ் கேட்கும். தமிழில் யாரை என்றா சொல்கிறோம்? அப்பாவுக்குக் கீழ்ப்படி என்றுதானே. இப்படிப்பட்ட இடங்களில் ஆங்கில விளக்கத்தைத் தாண்டிப் போய் வாக்கியத்தை நேரே தமிழில் போட்டுப் பாருங்கள், பாதி விதிவிலக்குகள் விதியாகவே தெரியும். எல்லா வினைக்கும் இது ஒத்துவராது, உதவி செய் என்பதற்கு லத்தீனில் இரண்டு வினைகள் இருந்தால் ஒன்று நான்காம் வேற்றுமை கேட்கும், மற்றது இரண்டாம் வேற்றுமை கேட்கும், அதை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள்.

இதை முதலில் யோசித்தது நாம் இல்லை. மெரினாவில் சிலையாக நிற்கும் வீரமாமுனிவர், லத்தீன் தெரிந்த பாதிரியார்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதற்காகக் கொடுந்தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார், அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் ஆக்கியவரும் அவர்தான். அவர் போன சாலையில் நாம் எதிர்த்திசையில் வருகிறோம், அவ்வளவுதான்.

எங்கே தமிழ் உதவாது

வினையும் நமக்குப் பழகிய மாதிரிதான்: அமோ நேசிக்கிறேன், அமாஸ் நேசிக்கிறாய், அமாமுஸ் நேசிக்கிறோம். நான், நீ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. அமத் மட்டும் நேசிக்கிறான், நேசிக்கிறாள், நேசிக்கிறது மூன்றுக்கும் ஒன்றே, அதனால் யார் என்பதை முன் வாக்கியத்தில் தேட வேண்டும்.

உர்பெ கப்தா என்று ஒரு அமைப்பு வரும், நகரம் பிடிபட என்று பொருள். இதற்கு அப்லேட்டிவ் அப்சல்யூட் என்று பெரிய பெயர் வைத்துப் பயமுறுத்துவார்கள். மழை பெய்ய, குடை விரிந்தது என்று நாம் சொல்லும் செயவென் எச்சம்தான், பயப்பட வேண்டாம். அவள் வருவதாகச் சொல்கிறான் என்பது போன்ற வாக்கியமும் அப்படியே, ஆங்கிலத்தில் விளக்கினால் ஒரு பக்கம், தமிழில் ஒரு வரி.

கஷ்டமானவை வேறு. பால் பாகுபாடு முதலாவது. நமக்கு மேசை அஃறிணை, கேள்விக்கே இடமில்லை. லத்தீனில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால், போர் அலிப்பால் போல ஒரு மூன்றாம் வகை. அதோடு பெயரடையும் அந்தப் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் ஏற்ப மாறும். தமிழில் நல்ல பையன், நல்ல பையனுக்கு என்று 'நல்ல' அசையாமல் நிற்கும், அங்கே அதுவும் கூடவே மாறும். பெயர்ச்சொல்லைப் படிக்கும்போதே பாலோடும் ஜெனிடிவ் வடிவத்தோடும் சேர்த்துப் படியுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். இரண்டாவது, 'எவன் வந்தானோ அவன்' என்ற வகை இணைப்புச் சொல். நாம் வந்தவன் என்று பெயரெச்சத்தை வைத்து முடித்துவிடுவோம், லத்தீனில் அந்த எவன், எவள், எதை எல்லாவற்றுக்கும் தனித்தனி வடிவம். மூன்றாவது சப்ஜங்டிவ், விருப்பம், நோக்கம், ஐயம் போன்றவற்றைக் காட்டும் தனி வினை வடிவம். இதற்கு மட்டும் குறுக்கு வழி இல்லை, வாசிக்க வாசிக்கத்தான் பிடிபடும்.

புத்தகம், நேரம், அகராதி

தனியாகப் படிப்பவர்களுக்கு இரண்டு வகைப் புத்தகங்கள். லத்தீனிலேயே ஆரம்பித்து லத்தீனிலேயே முடியும் கதைப் புத்தகம் ஒரு வகை, ஓர்பெர்க் என்ற டென்மார்க்காரர் எழுதிய ஃபமிலியா ரோமானா இதில் பெயர் பெற்றது, 35 அத்தியாயம். விதி, பட்டியல், பயிற்சி என்று போகும் வீலாக் இன்னொரு வகை, 40 அத்தியாயம். என் கட்சி முதலாவது. ஆனால் கதையை மட்டும் படித்தால் புரிந்த மாதிரி ஒரு பிரமை வரும், ஆகவே ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் அதன் வேற்றுமை அட்டவணையைத் தாளைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் போதும், தினமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் உட்கார்ந்து மற்ற நாள் தொடாமல் இருப்பது இந்த மொழியில் வேலைக்கு ஆகாது, வால்கள் எல்லாம் புதன்கிழமைக்குள் மறந்துபோகும். மெட்ரோவிலோ பஸ்ஸிலோ போகும் நேரம் சொற்களுக்கு, வீட்டு மேசை வாசிப்புக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்களில் புதிய பாடம் வேண்டாம், பழைய கதைகளையே திரும்ப வாசியுங்கள்.

அகராதியில் தேடத் தெரிய வேண்டும், இதைப் பலரும் சொல்லித்தருவதில்லை. வினைக்கு நான்கு முதன்மை வடிவங்கள் உண்டு. துலீ என்ற சொல்லை நேரே தேடினால் கிடைக்காமல் போகலாம், அது ஃபெரோ என்ற வினையின் இறந்தகாலம். விட்டேகர்ஸ் வேர்ட்ஸ் என்ற இலவச நிரலில் எந்த வடிவத்தைப் போட்டாலும் மூலச் சொல்லையும் வேற்றுமையையும் காட்டிவிடும். பெர்சியஸ் தளத்தில் மூல நூல்கள் இலவசம், சொல்லைத் தொட்டால் விளக்கம் வரும். மொழிபெயர்ப்புச் செயலியில் முழு வாக்கியத்தையும் போட்டு விடை வாங்குவதை முதல் வருடம் தவிர்த்துவிடுங்கள். பொருள் ஏறக்குறைய சரியாக வரும், ஆனால் எந்த வால் அந்தப் பொருளைத் தந்தது என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும். தேர்வில் கேட்பது அதைத்தான்.

சீக்கிரமே உண்மையான லத்தீனுக்குப் போங்கள்

பாடப்புத்தகத்தை முடித்துவிட்டுத்தான் இலக்கியம் என்று காத்திருக்க வேண்டாம். முதல் மாதத்திலேயே படிக்கக்கூடியவை இந்த ஊரிலேயே கிடக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தைப் பாருங்கள்: தொக்த்ரீன விம் ப்ரோமொவெத் ஈன்ஸிதம். உள்ளே ஊன்றியிருக்கும் ஆற்றலைக் கல்வி முன்னுக்குக் கொண்டுவருகிறது. ரோமானியக் கவிஞர் ஹொரேஸின் கவிதையில் இருந்து எடுத்த வரி. இதில் விம் என்ற பெயருக்கும் ஈன்ஸிதம் என்ற பெயரடைக்கும் நடுவில் வினை வந்து உட்கார்ந்திருக்கிறது, வாலை வைத்துத்தான் இரண்டும் ஜோடி என்று கண்டுபிடிக்க வேண்டும். பெயரடைப் பொருத்தத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

அப்புறம் எழும்பூர் அருங்காட்சியகம். தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானிய நாணயங்களில் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை அதிகம். திபேரியஸின் வெள்ளி தெனாரியஸில் ஓரமாகச் சுற்றி எழுதியிருப்பது: திபேரியஸ் கைசர், தெய்வமான அகஸ்டஸின் மகன், அகஸ்டஸ். பின்பக்கம் தலைமைப் பூசாரி என்ற பட்டம். எல்லாம் சுருக்கெழுத்து, மகன் என்பதற்கு ஒரே எழுத்து, வேற்றுமை வாலைக் கூட வெட்டியிருப்பார்கள். வெட்டியதை நீங்கள் நிரப்பிப் பாருங்கள், தெய்வமான அகஸ்டஸின் என்பது ஆறாம் வேற்றுமை. ஆங்கிலத்தின் யூ எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வி எழுத்து இருக்கும், குழம்ப வேண்டாம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, பார்த்துப் போங்கள். கோட்டைக்குள் இருக்கும் 1680-ஆம் ஆண்டு புனித மேரி ஆலய வளாகத்துக் கல்லறைப் பலகைகளிலும் லத்தீன் உண்டு, உள்ளே போக அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

வினை வடிவங்கள் ஓரளவு பிடிபட்டதும் ரோமானியக் கவிஞர் கத்துல்லுஸின் இரண்டு வரிக் கவிதை ஒன்று, ஓதீ எத் அமோ என்று தொடங்குவது. வெறுக்கிறேன், நேசிக்கவும் செய்கிறேன். இரண்டு வரியில் எட்டு வினை, ஒரு பெயர்ச்சொல் கூடக் கிடையாது. இதைத் தமிழாக்கிப் பாருங்கள், நான் என்ற சொல்லே இல்லாமல் எழுத முடிகிறதா என்று.

உரைநடைக்கு சீசர் என்பது பழைய வழி. ஏபியில் 2025-26 முதல் சீசர் போய் இளைய பிளினியின் கடிதங்கள் வந்துவிட்டன, செய்யுளுக்குக் கவிஞர் வெர்கில் தொடர்கிறார். எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. கி.பி. 79-இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பிளினியின் மாமா மூத்த பிளினி கப்பலில் மீட்கப் போய் இறந்ததை ஆறாம் தொகுதியின் 16-ஆம் கடிதம் சொல்கிறது. அந்த மாமா யார் என்றால், இந்தியாவுக்கு வருடா வருடம் 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) போய்விடுகிறது என்று இயற்கை வரலாறு என்ற தன் நூலில் புலம்பிவைத்தவர், கருமிளகு ஒரு ராத்தல் 4 தெனாரியஸ் என்று விலை எழுதிவைத்தவர், சேரநாட்டுத் துறைமுகமான முசிறியை அந்த நூலில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர். அதே முசிறிக்கு யவனர் கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும் என்று அகநானூறு 149 சொல்கிறது. பிளினியைப் படிக்கும் வாரத்தில் அந்தப் பாட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் போகிறதே என்று அழுகிற கரையும் பொன் வருகிறது என்று பாடுகிற கரையும் ஒரே மேசையில் இருக்கும்.

செய்யுள் வாசிப்பு

வெர்கிலின் ஏனெயிட் என்ற காவியம் 12 புத்தகம், முழுக்க அறுசீர் அடி. நேர் நேர் தேமா, நேர் நிரை கூவிளம் என்று பாடம் செய்தவர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம். ஒவ்வொரு சீரும் ஒரு நெடியதும் இரண்டு குறியதும், அல்லது இரண்டு நெடியது. தோராயமாகச் சொன்னால் கூவிளம் அல்லது தேமா. முதல் வரி: அர்மவி ரும்க்வெக நோத்ரோ யாய்க்வீ ப்ரீமுஸ போரீஸ். கூவிளம், கூவிளம், தேமா, தேமா, கூவிளம், தேமா. அர் என்பதில் உயிர் குறிலாக இருந்தாலும் ஒற்று அடைப்பதால் நெடில் கணக்கு. தோராயம் என்று சொன்னதற்குக் காரணம், நம் நிரையில் குறில் நெடிலும் வரலாம், லத்தீனில் அந்த இடத்தில் இரண்டும் குறிலாகவே இருக்க வேண்டும். ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் முதல் உயிர் கெடும், வந்தது + அல்ல என்பது வந்ததல்ல என்று ஆவதைப் போல. உயிரின் அளவு தப்பினால் எல்லாம் தப்பும், பழைய உச்சரிப்பை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். பென்சிலை வைத்துக் கோடு போடுவதற்கு முன் வாய்விட்டு இரண்டு தடவை சொல்லுங்கள்.

தேர்வு எழுதுபவர்களுக்கு

மொழிபெயர்ப்புக் கேள்விக்கு அழகான ஆங்கிலம் தேவையில்லை. காலம், எண், வேற்றுமை ஒவ்வொன்றும் விடையில் தெரிய வேண்டும். செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்றிச் சுவையாக எழுதினால் மதிப்பெண் போகும். நம் பிள்ளைகளுக்கு இருக்கும் தனிச் சிக்கல், மனதில் தமிழில் சரியாகப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருமை பன்மையைத் தவறவிடுவது. லத்தீன் வரியில் ஒவ்வொரு வாலுக்கும் அடியில் 2, 4, 6 என்று வேற்றுமை எண்ணைப் பென்சிலில் குறித்துவிட்டு அப்புறம் எழுதினால் இது குறையும்.

இலக்கியக் கட்டுரையில் கருத்துச் சொல்லும் இடத்தில் எல்லாம் லத்தீன் சொல்லை மேற்கோளாகத் தந்து அது என்ன செய்கிறது என்று எழுத வேண்டும், கதைச் சுருக்கம் எழுதினால் எடுபடாது. பார்க்காத பகுதிக்குப் பழக வாரம் ஒரு தடவை புதிதாகப் பத்து வரி எடுத்து, அகராதி இல்லாமல், கைபேசியில் நேரம் வைத்து வாசியுங்கள். தெரியாத சொல்லில் நின்றுவிடாமல் வினையைக் கண்டுபிடித்து அதன் எழுவாயைத் தேடுங்கள், மற்றவை பின்னால் வரும்.

திருத்தித்தர ஆள் வேண்டும் என்றால் உங்கள் பகுதிக் கத்தோலிக்கப் பங்கில் ஓய்வு பெற்ற பாதிரியார் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். 1960-களில் பூசை தாய்மொழிக்கு மாறுவதற்கு முன் குருமடத்தில் படித்தவர்களுக்கு லத்தீன் அன்றாடப் பழக்கம், அவர்கள் இப்போது மிகவும் வயதானவர்கள். ஃபாதர் என்று கூப்பிட்டு, மாலைத் திருப்பலி முடிந்த பிறகு ஒரு பக்கம் மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டு போங்கள். முழுப் பாடத்தையும் நடத்தச் சொல்லிக் கேட்காதீர்கள், அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.